துணிக்கு முப்பத்து மூன்று நாள்

அரை மணி நேரம். டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள் அம்மிணி. அரை மணி நேரத்துக்கு மேல் போயிருக்காது.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஒட்டுக்கால், விற்கிற வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது. இந்த ஸ்டூலில் உட்காருங்கள். கோயம்புத்தூரிலிருந்து விடியும் முன்னாலேயே கிளம்பிவிட்டீர்களா? ஐப்பசி மழையில் குன்னூர் மலை ஏறி வருவது லேசில்லை. பேர் என்ன சொன்னீர்கள்? பிலோமி. ஆமாம், இன்னாசி மாஸ்டர் சொல்லியிருக்கிறார். "எம்மவ பிலோமி, எம்மவ பிலோமி" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது வாயில் வந்துவிடும்.

டாக்டருக்கு என்ன தெரிய வேண்டும்? மூடின அறைக்குள் கரிப்புகையில் உங்கள் அப்பா எவ்வளவு நேரம் இருந்தார், அவ்வளவுதானே? ரத்தத்தில் புகை ஏறியிருக்கிறது, நேரம் தெரிந்தால்தான் அங்கேயே வைத்துப் பார்ப்பதா, வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க முடியும் என்கிறார். நியாயம்தான். நேற்று நான்தான் "பிரஷர் மயக்கம்" என்று சொல்லிக் குன்னூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பொய் என்று நினைக்கிறீர்கள். கீழே கிடக்கிற ஆளைப் பார்த்ததும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. நான் என்ன டாக்டரா? மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

வெறும் மணியை மட்டும் சொல்லி அனுப்பினால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். நடந்ததை முதலிலிருந்து கேளுங்கள், பிறகு எழுதிக்கொள்ளுங்கள். டாக்ஸி நிற்கட்டும், வெயிட்டிங் என் பொறுப்பு. போனை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், இங்கே மூன்றாவது படிக்கட்டில் நின்றால்தான் டவர் கிடைக்கும்.

குன்னூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒண்டிமுத்து என்றால் கோபக்காரன் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஏமாற்றுக்காரன் என்று ஒருத்தன் சொல்லட்டும், அவன் கடை வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். பதினோரு வயதில் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பங்களா பங்களாவாகக் காலி பாட்டில் பொறுக்கினவன் நான். நாய் கடித்திருக்கிறது. ஒரு பட்லர் வெந்நீரை எடுத்து மேலேயே ஊற்றினான், இதோ தோளில் இன்னும் தடம் இருக்கிறது. எந்த பங்களாவில் என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்களோ, அந்த பங்களாவின் கட்டில், கடிகாரம், கண்ணாடி எல்லாம் இன்றைக்கு என் குடோனில் கிடக்கிறது. எல்லாம் பேசி வாங்கினது. எனக்குத் தெரிந்த படிப்பு அது ஒன்றுதான். பேசுவது. எதிராளி களைக்கிற வரைக்கும் பேசுவது.

நேற்று உங்கள் அப்பா அறையில் இருந்த அந்தப் படமும் அப்படி வந்ததுதான். வின்டர்போர்ன் பங்களா என்று மேலே ஒன்று இருந்தது, இப்போது ரிசார்ட் ஆகிவிட்டது. மொத்தச் சாமானையும் ஒரே பேச்சில் எடுத்தேன். பீரோவை நகர்த்தினால், பின்னால் சுவரைப் பார்த்தபடி ஏழு அடி உயரத்துக்கு ஒரு படம். திருப்பினோம். வெள்ளைக்காரி. நின்றபடி இருக்கிறாள். தரை வரைக்கும் வெள்ளைப் பட்டுக் கவுன், கையில் ஒரு கொத்து வெள்ளைப் பூ, பின்னால் வெள்ளைத் திரை. எல்லாம் வெள்ளை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை அம்மிணி. சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு தலையை ஒட்டினாற்போல் இருந்தது. சட்டம் மட்டும் நல்ல தேக்கு.

உங்கள் அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். மாதா கோயில் சுரூபத்துக்கு வர்ணம் தீட்டுவார், நடுநடுவே எனக்கும் வேலை செய்வார். தண்ணி இறங்கின படத்தைத் துடைப்பது, கிழிசலை ஒட்டுவது. ஐந்து வருஷமாக மாடி அறை அவருக்குத்தான். வந்தான், படத்துக்கு முன்னால் நின்றான்... நின்றார். வாய்ப் பழக்கம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கோயிலா இது?

"முதலாளி, இது எத்தனை வெள்ளைன்னு தெரியுமா?"

"ஒரு வெள்ளைதான்யா. டப்பாவுல இருக்கற வெள்ளை."

"கிட்ட வந்து பாருங்க. மடிப்புல நீலம். முழங்கையில மஞ்சள். கீழ நிழல்ல சாம்பல், அதுக்குள்ள லேசா ரோஸ். வெள்ளை மேல வெள்ளையை வச்சு அதுக்குள்ள ஒரு உடம்பு நிக்கறதைக் காட்டியிருக்கான். சாமானியப்பட்டவன் இல்ல."

படத்தின் முதுகில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இங்கிலீஷ் கையெழுத்து. உங்கள் அப்பா கண்ணாடியை ஏற்றி ஏற்றி இறக்கி, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து படித்துச் சொன்னார். வின்டிங்காம் என்பது வரைந்தவன் பேர். லண்டனில் பிரபு வீட்டுப் பெண்களையெல்லாம் வரிசையில் காக்கவைத்து வரைந்தவனாம். நெஞ்சில் கோளாறு, மலைக்காற்றுக்காகக் கப்பல் ஏறி இங்கே வந்திருக்கிறான். காப்பித் தோட்டத்துத் துரை ஒருத்தர், தான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை வரையச் சொல்லியிருக்கிறார். நாற்பத்தொரு நாள் அந்தப் பெண்ணை நிற்க வைத்திருக்கிறான். முகத்துக்கு எட்டு நாள். துணிக்கு முப்பத்து மூன்று நாள். எழுதியே வைத்திருக்கிறான். கடைசி வாரம் அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சலோடு, வெளிச்சம் போகிற வரைக்கும் நின்றாள் என்று எழுதியிருக்கிறான்.

"பாவி, உக்காரச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் உங்கள் அப்பா. "முகத்தைப் பாருங்க முதலாளி. களைச்சுப் போயிருக்கா. அதையும் மறைக்காம வரைஞ்சிருக்கான், அந்த மட்டுக்கும் நேர்மை."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன்தான்யா வேலைக்காரன். உட்காரவிட்டிருந்தா இந்தப் படம் வந்திருக்குமா?" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். நிற்க வைத்தால்தான் வேலை நடக்கும்.

திருப்பூர்க்காரர் போன வாரம் வந்தார். சென்னியப்பன், பனியன் கம்பெனி. மேலே புது பங்களா கட்டியிருக்கிறார், நாளைக்கு வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். ஹாலுக்குப் பெரிய படமாக, பழைய வெள்ளைக்காரப் படமாக வேண்டும் என்றார். சைஸைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கையை நீட்டப் போகிறார், அவர் வீட்டம்மா முன்னால் வந்தார்.

"ஏனுங், இதென்னுங்க வெள்ளச் சீலை கட்டுன பொம்பளையாட்ட இருக்குது? கழுத்து மூளி, காது மூளி. பூவைக்கூடக் கையில வெச்சிருக்கா, தலையில வெக்கல. பால் காய்ச்சற வீட்டுல இவளையா கொண்டுபோய் மாட்டுவீங்க?"

சென்னியப்பன் கை அப்படியே சட்டைப் பைக்குள் போய்விட்டது.

நான் விடுவேனா? "சீலை நிறம்தானுங்களே அம்மா? அரக்கு ஆக்கித் தர்றேன். கழுத்துல ரெட்டை வடச் சங்கிலி. காதுல தோடு. வெள்ளிக்கிழமை காலையில உங்க ஹால்ல மகாலட்சுமியாட்ட நிப்பா," என்றேன். அந்தம்மா சிரித்துவிட்டார். வியாபாரம் முடிந்தது.

உங்கள் அப்பாவிடம் சொன்னதும் மனுஷன் முகம் செத்துப் போயிற்று.

"முதலாளி, இவ கல்யாணப் பொண்ணு. அவங்களுக்குக் கல்யாணத்துக்கு வெள்ளைதான். எம்மவ பிலோமிக்கே வெள்ளைப் பட்டுதானே எடுத்தோம்?"

"உங்க மக கல்யாணம் சர்ச்சுல நடந்துச்சு மாஸ்டர். இவ திருப்பூர்க்காரர் ஹால்ல நிக்கப் போறா. அங்க இவ தாலியறுத்தவதான்."

"முப்பத்து மூணு நாளு வேலைங்க."

"நீங்க ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுங்க. அவனைவிடக் கெட்டிக்காரன்னு நான் சொல்றேன்."

முடியாது என்றார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக முடியாது என்றார். சரி, லாரிக்கு நம்பர் எழுதுகிற பயல் ஒருத்தன் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறான், எனாமல் பெயின்ட் டப்பாவோடு வருவான், ஒரே மணியில் மெழுகிவிட்டுப் போவான், கூப்பிடட்டுமா என்றேன். படத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "நானே செய்யறேன். ஆனா மொதல்ல வார்னிஷ் ஒரு கோட் குடுப்பேன். அது நல்லாக் காயணும். அது மேலதான் செவப்பு. பின்னால எவனாவது ஒரு விவரமானவன் கையில கெடச்சா ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சு வெள்ளையை வெளிய எடுத்துக்குவான்," என்றார். எடுத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன போயிற்று? சரி என்றேன். நான் இறங்கி வந்தேனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

திங்கட்கிழமை வார்னிஷ் அடித்தார். இந்த மழையில் எது காயும்? செவ்வாய்க்கிழமை தொட்டால் விரல் ஒட்டுகிறது. வெளியே மூடுபனி, ஜன்னல் இடுக்கு வழியாக அறைக்குள்ளேயே வந்து நிற்கிறது. மாடி அறை சின்னது, ஏழடிப் படத்தை நிறுத்த ஜன்னல் பக்கச் சுவரை விட்டால் வேறு இடம் இல்லை. நானே ரீப்பர் கட்டை வைத்து ஜன்னல் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கினேன். படமும் சாயாது, பனியும் உள்ளே வராது. ஒரே வேலையில் இரண்டு காரியம். கதவுக்குக் கீழே சாக்கைத் திணித்தேன். வேலைக்கு டியூப் லைட் இருக்கிறது. வெளிச்சத்துக்கு என்ன குறை?

நேற்று புதன்கிழமை. காலையில் மாடிக்குப் போகிறேன். சிவப்பு டப்பா திறக்கவே இல்லை. மனுஷன் தரையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னய்யா பண்றீங்க?"

"இன்னும் காயலைங்க முதலாளி. இப்ப செவப்பைப் போட்டா உள்ள போய்ப் புடிச்சுக்கும். அப்புறம் வெள்ளை திரும்ப வராது."

"வெள்ளிக்கிழமை விடிஞ்சா முகூர்த்தம். ஆளு லாரி அனுப்பறாரு."

"நான் சாயங்காலம் வரைக்கும் கோயிலுக்குப் போய்ட்டு வர்றேன். அதுக்குள்ள..."

கோயிலுக்காம்! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது அம்மிணி. என் வாயில் என்ன வந்தது என்று சொல்ல மாட்டேன், நீங்கள் பெண்பிள்ளை. கீழே போய்க் கணப்புச் சட்டி நிறையக் கரி போட்டு, பற்றவைத்து, நானே சுமந்து மாடிக்குக் கொண்டுபோனேன். இங்கே மலையில் எல்லா வீட்டிலும் உண்டு, இரும்புச் சட்டி. குளிர் காய்வார்கள், ஈரத் துணி காயவைப்பார்கள். அறைக்கு நடுவில் வைத்தேன். "இப்ப காயும். காயக் காய வேலையைப் பாரு. முடியற வரைக்கும் இந்த ரூமை விட்டு நகரக் கூடாது. படத்துல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா உன் தோலை உரிச்சு அதே சட்டத்துல மாட்டிருவேன்" என்றேன். கோபத்தில் சொல்கிறதுதான். எல்லாரிடமும் சொல்வேன். என் பெண்டாட்டியிடமே சொல்லியிருக்கிறேன்.

தாழ்ப்பாள் போட்டேன். வெளியே.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? போட்டேன். பூட்டும் போட்டேன். அவர் பாட்டுக்குக் கோயிலுக்குப் போய்விட்டால் சென்னியப்பனுக்கு யார் பதில் சொல்வது? லண்டன்காரன் நாற்பத்தொரு நாள் நிற்க வைத்தான், அவனை யாராவது கேட்டார்களா? நான் ஒரு நாள் உட்காரத்தான் வைத்தேன்.

சரி, அரை மணி என்றது கொஞ்சம் குறைச்சல்தான். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கரி கனிய நேரம் எடுக்கும். அதுவரைக்கும் என்ன கெடுதல் வரும்? அதைக் கழித்துவிட வேண்டும் இல்லையா?

அப்போது மணியா? பத்து இருக்கும். எழுதாதீர்கள். சும்மா வாய்வார்த்தை. பத்தும் இருக்கலாம், பத்தரையும் இருக்கலாம். நான் மேட்டுப்பாளையம் கிளம்ப வேண்டியிருந்தது, அங்கே ஒரு வீட்டில் பியானோ விலைக்கு வந்திருந்தது. பத்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு ஜீப்பில் போனேன்... சரி, பத்துதான்.

சாவி? சாவி என் இடுப்பில் இருந்தது. வேறு எங்கே இருக்கும்? இத்தனை சாமான் கிடக்கிற குடோனில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவேனா?

உள்ளே அழுகிறது என் வீட்டுக்காரி பாவாத்தாள். நேற்றிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை, இல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு டீ கொடுத்திருப்பேன். அவள் ஏதாவது சொன்னால் நம்பாதீர்கள். நானே சொல்லிவிடுகிறேன், என்னிடம் மறைக்க எதுவும் இல்லை. பதினொன்றரைக்கு எனக்கு போன் போட்டாள். நான் அப்போது பியானோக்காரனோடு மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். அவன் இறங்கி வருகிற நேரம்.

"மாடியில கதவைத் தட்டறாருங்க."

"டீ கேக்கறான். தட்டட்டும்."

"ரொம்ப வேகமாத் தட்டறாருங்க. தலை சுத்துது, தெறங்கன்னு சொல்றாரு."

"கோயிலுக்குப் போறதுக்கு வழி பாக்கறான். போனை வை."

அதுதான் அம்மிணி, தட்டுகிற ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று அர்த்தம். முடியாதவன் தட்டுவானா? ஆக, பத்திலிருந்து பதினொன்றரை வரைக்கும் நீங்கள் எழுதவே கூடாது. அந்த நேரத்தில் அவருக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் கேட்பது படுத்த பிறகு எவ்வளவு நேரம் என்றுதானே?

முக்கால் மணி கழித்து மறுபடியும் போன் போட்டாள்.

"தட்டறது நின்னுருச்சுங்க."

பார்த்தாயா, வேலையை ஆரம்பித்துவிட்டான் என்றேன். எனக்குச் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அந்த நிமிஷத்தில் பியானோவும் படிந்தது. பக்கத்தில் ஓட்டல், நல்ல சாப்பாடு, வாழையிலை போட்டுச் சாப்பிட்டேன். தெரிந்திருந்தால் சோறு இறங்குமா? நீங்களே யோசியுங்கள். தெரியாது. தெரியாத ஆளைப் போலீஸ் என்ன செய்யும்? டாக்டர் ஒரு மணி என்று எழுதினால் அது விபத்து. அதற்கு மேல் எழுதினால் வேறு மாதிரிப் போகும், ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும், குடோனுக்கு சீல் வைப்பார்கள். என்னை உள்ளே வைத்தால் உங்கள் அப்பாவுக்கு மூச்சு வந்துவிடுமா? ஆஸ்பத்திரிச் செலவை யார் பார்ப்பது?

திரும்பி வரும்போது பர்லியாரில் மண் சரிந்துவிட்டது. ஒரு மணி நேரம் வண்டி நகரவில்லை. அதை என் தலையில் கட்டக் கூடாது. மண் சரிந்தது மழையால். நான் சாப்பிட்டுக் கிளம்பியதிலிருந்து பார்த்தால் மண் சரிவுக்கு ஒரு மணியைக் கழித்துவிட வேண்டும், அது கடவுள் கணக்கு.

நான்கு மணிக்கு வந்து பூட்டைத் திறந்தேன்.

கதவு லேசில் தள்ளுப்படவில்லை, சாக்கு இறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே டியூப் லைட் எரிகிறது. சட்டியில் சாம்பல். சத்தியமாகச் சொல்கிறேன், புகையே இல்லை. கண் எரியவில்லை, இருமல் வரவில்லை. அதனால்தான் பிரஷர் என்று நினைத்தேன். அறை நன்றாக, கதகதப்பாக இருந்தது. வார்னிஷ் காய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கிறது. அவள் நிற்கிறாள், வெள்ளையாக. ஒரு பொட்டு சிவப்பு இல்லை. உங்கள் அப்பா அவள் கவுனுக்குக் கீழே, அந்தப் பட்டு தரையில் விழுகிற இடத்தில் தலை வைத்துப் படுத்திருந்தார். முகம் நல்ல சிவப்பாக இருந்தது. குளிரில் இருந்து வந்த குழந்தை முகம் மாதிரி. தூங்குகிறார் என்றே நினைத்தேன். காலால்... தட்டி எழுப்பப் பார்த்தேன்.

கையில் கத்தி இருந்தது.

வர்ணம் சுரண்டுகிற கத்தி, நல்ல கூர். நான்தான் வாங்கிக் கொடுத்தது. அதைப் பிடித்தபடி கிடக்கிறார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றெரிச்சல். படத்துக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறது அம்மிணி. என்ன இருக்கிறது நடுவில்? ஒரு துணி. நூறு நூற்றைம்பது வருஷத்து இற்றுப்போன துணி. மேலிருந்து கீழே ஒரே ஒரு இழுப்பு இழுத்திருந்தால் ஜன்னல். முழங்கையால் ஒரு இடி இடித்தால் கண்ணாடி உடைந்து காற்று. ஒரு நிமிஷ வேலை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முன்னாலேயே நின்றுகொண்டு, ஒரு மனுஷன் அதைச் செய்ய மாட்டானா? படத்தைப் பார்த்தேன், டார்ச் விளக்கைக் கிட்டே கொண்டுபோய் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஒரு நகக்குறி இல்லை.

யார் சொன்னது கிழிக்கக் கூடாது என்று?

நான் சொன்னதா? நான் சொன்னது கோபத்தில். அவருக்குத் தெரியாதா? ஐந்து வருஷம் என்னோடு இருந்த ஆளுக்கு நான் சத்தம்தான் போடுவேன் என்று தெரியாதா? அவர் எனக்குப் பயந்து கிழிக்காமல் விட்டார் என்கிறீர்களா, அல்லது அந்த வெள்ளைக்காகக் கிழிக்காமல் விட்டார் என்கிறீர்களா? வெள்ளைக்காகத்தான். எனக்குத் தெரியும். பயம் என்றால் சிவப்பைப் பூசியிருப்பார் இல்லையா? சொல்லுங்கள். அவர் மகள் நீங்கள், உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மாடியைப் பார்க்கிறீர்கள். சரி.

படம் மேலேதான் இருக்கிறது. பார்க்க வேண்டாம். மத்தியானம் அந்த எனாமல் பயல் வருகிறான். என்ன செய்வது, சென்னியப்பனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வார்னிஷ் நன்றாகக் காய்ந்திருப்பதால் உங்கள் அப்பா சொன்னது வீண் போகாது, பின்னால் யாராவது துடைத்து எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆசைப்பட்டபடியேதானே செய்கிறேன்?

என்ன எழுதுகிறீர்கள்? காட்டுங்கள்.

ஆறா?

ஆறு எப்படி வரும்? பத்திலிருந்து நான்கு வரைக்கும் விரல் விட்டு எண்ணினால் ஆறு வரும், அது யாருக்கும் வரும். அப்படியா எண்ணுவது? கரி கனிந்த நேரத்தைக் கழிக்கச் சொன்னேன். தட்டிக்கொண்டிருந்த நேரத்தைக் கழிக்கச் சொன்னேன். பர்லியார் ஒரு மணி நேரம். கரி சாம்பலான பிறகு புகை ஏது, அந்த நேரம். எல்லாம் போக ஒன்றரைக்கு மேல் நிற்காது. ஒன்றரை என்று எழுதுங்கள். டாக்டருக்கு ஒரு நம்பர் வேண்டும், அவ்வளவுதான். ஒன்றரைக்கும் வைத்தியம் உண்டு, ஆறுக்கும் அதே வைத்தியம்தான்.

உட்காருங்கள், ஏன் எழுந்திருக்கிறீர்கள்? பேசிக்கொண்டுதானே இருக்கிறோம். படத்தை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள். திருப்பூர்க்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். முப்பத்து மூன்று நாள் வேலை, லண்டன்காரன் கை, உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். டாக்ஸி மேலேயே கட்டிக்கொடுக்கிறேன். வேண்டாமா?

குடையையாவது எடுங்கள். அம்மிணி! அந்தப் படிக்கட்டில் நிற்காதீர்கள், வழுக்கும். போன் போடாதீர்கள், ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம். இரண்டு! இரண்டு மணி நேரம் என்று சொல்லுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். டாக்டர் எடுத்துவிட்டாரா? வையுங்கள் போனை. இரண்டரை. அம்மிணி, இங்கே பாருங்கள், என் முகத்தைப் பாருங்கள். சரி, மூன்று. மூன்று மணி நேரம். நானும் பிள்ளைகுட்டிக்காரன், அதற்கு மேல் என்னால் ஏற முடியாது.